கத்தி படாத தலை

எல்லோரும் ஏறி உட்கார்ந்து, டிரைவர் தமீம் வண்டியின் முன்பக்கத்தில் கம்பியை விட்டுச் சுழற்றி, இன்ஜின் நாலைந்து முறை இருமிக் கடைசியில் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆறுமுகநயினார் வாயைத் திறந்தார்.

"ஏல ராசையா, இன்னைக்கு வியாழக்கிழமைலா?"

"ஆமாய்யா."

"வியாழக்கிழமை தெக்க சூலம். அந்தப் பக்கம் பயணம் வைக்கக் கூடாது."

ராசையா முன் சீட்டிலிருந்து மெதுவாகத் திரும்பினார். அவர்கள் போக வேண்டிய ஊர் திருச்செந்தூர். ராயபுரத்திலிருந்து திருச்செந்தூருக்குத் தெற்கைத் தவிர வேறு திசையில் வழி கிடையாது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"நேத்து புதன்கிழமை. நேத்து தெக்க போறதுக்கு ஒரு தடையும் இல்லையே. எதுக்குச் சொல்லணும்?"

பின் சீட்டில் இடது ஓரம் ராசையாவின் அப்பா ஆறுமுகநயினார். வலது ஓரம் மாமியார் இசக்கியம்மாள். நடுவில் மனைவி செல்லம்மா, மகள் சிவந்தி, மகன் வேலு மூவரும் சுவர் எழுப்பியதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சுவர் தேவைதான். சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, பதினொரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள்.

சண்டை வேலுவின் தலைமுடியைப் பற்றியது.

முதல் முடியைத் திருச்செந்தூர் முருகனுக்குக் கொடுப்பதாக ஆறுமுகநயினார் நேர்ந்துகொண்டிருந்தார். தங்கள் குலதெய்வமான இசக்கியம்மனுக்குக் கொடுப்பதாக இசக்கியம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். இருவரும் விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பயணம் ஏற்பாடாகும். ஒவ்வொரு முறையும் கெடும். ஒரு வருஷம் எழும்பூர் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய் ஆறுமுகநயினாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் அம்மன் இசக்கியம்மாளின் கனவில் வந்து, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முடி மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் வளர்ந்தது. பதினொரு வயது வேலுவின் சடை இப்போது இடுப்பைத் தொட்டது.

பிறந்தபோது இருந்த முடி இது அல்ல. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, ராசையா குடும்பத்தை மீஞ்சூரில் ஒரு வாடகை வீட்டில் விட்டுவிட்டு, தன் சரக்கு மண்டியைக் காக்க ராயபுரத்திலேயே தங்கினார். போன இடத்தில் செல்லம்மாவுக்கு அம்மை போட்டு, தனி அறையில் கிடந்தாள். கைப்பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் தாத்தாவும் ஆச்சியும்தான். பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டு, அந்தச் சூட்டில் முடி முழுவதும் கொட்டிப் போயிற்று. தானாகக் கொட்டினது கணக்கில் வராது, கத்தி படாத தலைதான் கணக்கு என்று இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் சேர்ந்து சொன்ன கடைசி வார்த்தை அதுதான். பட்டணம் திரும்பியதும் எந்தக் கோயில் என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது.

இந்த வருஷம் தள்ளிப்போட முடியாது. திங்கட்கிழமை வேலு முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேர்கிறான். இடம் கேட்கப் போனபோது ஹெட்மாஸ்டர் அவன் சடையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "பெண்கள் பள்ளி அடுத்த தெரு" என்றார். அன்று வேலு சாப்பிடவில்லை. ராசையா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு இந்தச் சடை இருக்காது, இது என் பொறுப்பு என்று சொன்னார். வேலு தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். அந்த நம்பிக்கைதான் ராசையாவை அதற்குப் பிறகு தூங்கவிடவில்லை.

ரயிலை நம்பினால்தானே முழங்காலும் கனவும் குறுக்கே வரும்? மண்டிக்குச் சரக்கு ஏற்ற, யுத்தம் முடிந்து ராணுவத்தார் ஏலம் விட்ட பழைய வேன் ஒன்று இருந்தது. அதில் பெஞ்சு போட்டார். கோயில் சண்டைக்கும் ஒரு வழி செய்தார். முன்னந்தலை முருகனுக்கு, பின்னந்தலை அம்மனுக்கு.

"நடுவுல பாதி மொட்டையோட நான் எப்டி நைனா வண்டில குந்திகினு வருவேன்?" என்று வேலு கேட்டான்.

"துண்டு கட்டிக்க."

"நைனாவாம் நைனா. ஐயான்னு கூப்பிடுல," என்றார் ஆறுமுகநயினார். பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது ராயபுரம் என்பதை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

இவ்வளவும் செய்து முடித்து வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்போது சூலம் வந்து நின்றது.

"சூலத்துக்குப் பரிகாரம் இருக்குலா ஐயா? வியாழக்கிழமைன்னா தைலம். உச்சியில ஒரு சொட்டு நல்லெண்ணெய் வச்சிக்கிட்டுக் கிளம்பிற வேண்டியதுதான்."

ஆறுமுகநயினார் மோவாயைத் தடவினார். அப்போது வலது ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி சிவந்தி, உங்க தாத்தாகிட்ட சொல்லு. நேந்துக்கிட்ட தலையில வழியில எண்ணெய் படக் கூடாது."

"தாத்தா, எண்ண படக் கூடாதுன்னு ஆச்சி சொல்லுது."

"காது கேக்கு. எண்ணெய் வைக்கணும்னு நானா சொன்னேன்? சொன்னது உங்கப்பன்னு உங்க ஆச்சிகிட்ட சொல்லு."

"ஆச்சி, சொன்னது நைனாவாம்."

"சரி, சரி. இப்போ என்னதான் செய்யணுங்கீங்க?" என்றார் ராசையா.

"வடக்க கொஞ்ச தூரம் போவோம். திருவொத்தியூர்ல இறங்கி ஒரு வாய் தண்ணி குடிப்போம். அங்கேயிருந்து திரும்பிருவோம்."

"அங்கேயிருந்து திரும்பினாலும் தெக்குதானய்யா?"

"அது வீட்டுக்குத் திரும்புறதுல. வீட்டுக்குத் திரும்புறதுக்கு ஏது சூலம்?"

"வீட்டுக்கு வந்த பிறகு?"

"வீட்டு முன்னால நிக்காம அப்படியே போயிக்கிட்டே இருக்கணும். நின்னாத்தானே புதுப் பயணம்?"

தமீம் தலையைச் சொறிந்தான். "எனுக்கு ஒண்ணும் பிரியல மொதலாளி. எந்தப் பக்கம் திருப்பக் கூடாதுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

வண்டி வடக்கே கிளம்பியது.

தண்டையார்பேட்டையில் ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நின்றபோது, எதிரே சைக்கிளில் வந்த வெங்காய மண்டி ஆசீர்வாதம் காலை ஊன்றி நின்றார். அவரும் ராசையாவைப் போலத் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நாசரேத்துக்காரர்.

"என்ன ராசையா அண்ணாச்சி, திருச்செந்தூர்னு சொன்னிய. வடக்க போறிய?"

"சூலம், அதான்."

ஆசீர்வாதம் கொஞ்சம் யோசித்தார். "இப்படியே போனாலும் வந்து சேரும். பூமி உருண்டைதானே," என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

ராசையா சிரிக்கவில்லை. மத்தியானம் ராகுகாலம் பிறப்பதற்குள் செங்கல்பட்டைத் தாண்டினால் நாளை ராத்திரி திருச்செந்தூர். சனிக்கிழமை இரண்டு கோயில். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வீடு. ராகுகாலம் வரைக்கும் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் பயணம் போயிற்று. வேலு சடையோடு பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான்.

திருவொற்றியூரில் கோயில் குளத்தருகே இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். தமீமும் எதற்கும் இருக்கட்டும் என்று குடித்தான். எல்லோரும் ஏறியாயிற்று. வண்டியைத் தெற்கு நோக்கித் திருப்பியும் ஆயிற்று. அப்போது இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"செல்லம்மா, விறகு எதிர்ல வருது."

உண்மையில் வந்தது. ஒரு கைவண்டி நிறையச் சவுக்குக் கட்டை.

"அத்தை, அது விறகுக் கடை. அதுக்கு முன்னால விறகு வராம வேற என்ன வரும்?" என்றார் ராசையா.

"விறகு பாத்தா இறங்கிக் கால் கழுவணும்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

"கழுவுங்க. குளம் பக்கத்துலதான் இருக்கு."

"ஏல வேலு, உங்க ஆச்சிகிட்ட சொல்லு," என்று இடது ஓரம் சீறியது. "பாசி பிடிச்ச குளத்துல கழுவுனா விறகு பாத்த தோஷம் போவாது. கடல் தண்ணிதான் செல்லும். இதுகூடத் தெரியாம ஒரு சாஸ்திரம்."

"ஏன், எனக்குத் தெரியாதா? இங்கே கரை ஒரே கலீசாக் கிடக்கேன்னு பாத்தேன். எண்ணூர்ப் பக்கம் போனா நல்ல மணல்னு உங்க தாத்தாவுக்குச் சொல்லு."

"எண்ணூரா? அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்னு சொல்லு. இவளுக்கு முந்தி எனக்கே தெரியும்."

அவர்கள் போட்ட ஒவ்வொரு சண்டையும் வண்டியை இன்னும் இரண்டு மைல் வடக்கே தள்ளியது. சிவந்தி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது என்று அம்மா மடியில் சாய்ந்துவிட்டாள். வேலு கட்டுச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கடந்து போகிற கம்பெனிப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணூரில், காத்திவாக்கம் குப்பத்தை ஒட்டி வண்டி நின்றது. கடல் நூறு அடி தள்ளி இருந்தது. ஆறுமுகநயினார் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இசக்கியம்மாள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். இவர்கள் இரண்டு பேரும் மணலில் நடந்து போய், கால் நனைத்து, நடந்து வருவதற்குள் ராகுகாலம் வந்து போய்விடும் என்று ராசையாவுக்குத் தோன்றியது.

"தமீம், வண்டியைத் தண்ணிக்கிட்டயே விடு."

"மொதலாளி, மணலு."

"மிலிட்டரி வண்டிதானே? எங்கெங்கேயோ போன வண்டி. விடு."

வண்டி போனது. நன்றாகவே போனது. ஈர மணலைத் தொட்டதும், களைத்துப்போன எருமை மாதிரி நாலு காலையும் மடக்கி உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த அலை பெரிதாக வந்து முன்பக்கத்தைக் கழுவிவிட்டுப் போனது. சம்பந்திகள் இருவரும் இருந்த இடத்திலிருந்தே காலை நீட்டி நனைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் யார் யாரை என்ன சொன்னார் என்பது ஒருவர் சொல்வதுபோல் இன்னொருவர் சொன்னதில்லை. இப்போது கேட்டுச் சரிபார்க்கவும் ஆள் இல்லை. வண்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். இறால் கூடைகளைத் தலையில் ஏற்றக் குனிந்த பெண்களும் கூடைகளை இறக்கிவிட்டு வந்தார்கள். ஒரு தடிமனான கயிறு கட்டி ஆணும் பெண்ணுமாக இழுத்தார்கள். ராசையாவும் தமீமும் பின்னால் நின்று தள்ள, வேலு ஓடிப்போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டான். பல்லைக் கடித்து, மணலில் காலைப் புதைத்து, எல்லோரையும்விட ஆவேசமாக இழுத்தான்.

"டேய், அந்தப் பொண்ணு இன்னாமா இஸ்க்குது பாருடா," என்று குப்பத்துப் பையன் ஒருவன் கத்தினான்.

நாலு பேர் சிரித்தார்கள். வேலு கயிற்றை விடவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது. வண்டிக்குப் பின்னால் நின்ற ராசையாவுக்கு அது கேட்டது. அவர் முன்னைவிட வேகமாகத் தள்ளினார்.

வண்டி மேடேறியதும் ராசையா எல்லோருக்கும் கும்பிடு போட்டார். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் நகரவில்லை. பெயர் குணசுந்தரி. அவள் பின்னால் நாலு கூடை இருந்தது.

"கும்பிடு கெடக்கட்டும் நைனா. உன் வண்டிய இஸ்துகினு நின்னதுல எனுக்கு ரயிலு பூட்ச்சி. அடுத்த ரயிலுக்குள்ள எறா நாறிப்பூடும். மீஞ்சூர் சந்தையாண்ட எறக்கி வுட்டுட்டு நீ எங்க வேணா போ."

மீஞ்சூர் என்ற பெயர் காதில் விழுந்ததும் பின் சீட்டின் இரண்டு ஓரங்களும் நிமிர்ந்தன.

"மீஞ்சூரா?" என்றார் ஆறுமுகநயினார். "அது ரொம்ப வடக்கால இருக்குல."

"வடக்கதானே போகணும்னீங்க?"

"போனது போதும். நேரமாவுது பாரு. தைலத்தை எடு, உச்சியில வச்சிக்கிட்டு நேரே தெக்க விடச் சொல்லு."

"நேந்த தலையில எண்ணெய் படக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்களே."

"ஒரு சொட்டு பட்டா குத்தமில்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லுட்டி," என்றாள் இசக்கியம்மாள், சிவந்தியை உலுக்கி எழுப்பி.

ராசையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசினார்கள். கடல் தண்ணீருக்கு உண்மையிலேயே ஏதோ சக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப போனாக்கூடச் செங்கல்பட்டு பிடிச்சிரலாம்ல நைனா?" என்று வேலு மெதுவாகக் கேட்டான்.

பிடித்துவிடலாம்தான். ராசையா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்லம்மா கீழே இறங்கி, ஒரு கூடையின் பக்கவாட்டைப் பிடித்துவிட்டாள்.

"நம்மளுக்காக ரயிலை விட்டவ. அவ பொழப்பை இந்த மணல்ல போட்டுட்டு எந்தச் சாமிகிட்ட போய் நிக்கிறது? ஒரு கை பிடிங்க."

ராசையா மகன் முகத்தைப் பார்த்தார். வேலு இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"மணலி வழியா வேகமா விட்டா, எறக்கிட்டு ராகுகாலத்துக்கு முன்னாடி திரும்பிடலாம் மொதலாளி," என்றான் தமீம். அவனே நம்பாத குரலில் சொன்னான்.

நாலு கூடையும் உள்ளே வந்தன. வேண்டுதலுக்குப் போகிற வண்டியில் இறால் தண்ணீர் சொட்டியது. குணசுந்தரி இசக்கியம்மாளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவள் காதையே பார்த்தாள். தோள் வரை தொங்கும் காது. அதில் பாம்படம், பூட்டு பூட்டாகத் தங்கம்.

"இன்னாமா இது, காதுல இவ்ளோ பெரிய தொங்கட்டான்? எங்க பக்கம் இப்டி ஒரு காத நான் பாத்ததே இல்ல. ஒருவாட்டி பாத்தா மறக்கவே மறக்காது."

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையோடு காதையும் சேர்த்து மூடிக்கொண்டாள். ஆறுமுகநயினார் துண்டை உதறி, புருவம் வரை மறையும்படி தலைப்பாகை கட்டினார். இறால் வாடை தாங்கவில்லை போலும் என்று ராசையா ஜன்னல் படுதாவைச் சுருட்டிவிட்டார்.

"அந்த ஊரைப் பாத்துப் பதினொரு வருஷமாச்சு," என்றாள் செல்லம்மா, மலர்ச்சியாக. "பாத்தேன்னு பேருதான். அறைக்குள்ளேயே வேப்பிலைக்கு நடுவுல கிடந்தேன். நாம இருந்த வீடு எந்தத் தெரு மாமா?"

"ஞாபகமில்ல," என்றார் ஆறுமுகநயினார்.

"அம்மா, உனக்கு?"

"எனக்கும்தான்."

மீஞ்சூர்ச் சந்தையில் கூடைகள் இறங்கின. குணசுந்தரி வேலுவின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு ராசாத்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலு அப்படியே நின்றான்.

ராசையா அவசரமாக ஏறினார். "தமீம், எடு."

தமீம் கம்பியைச் சுழற்றினான். மறுபடி சுழற்றினான். பிறகு மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டான். அவன் வெளியே வந்தபோது ராசையா அவன் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொண்டார்.

"கடல் தண்ணி உள்ள பூந்துகினு கீது மொதலாளி. தொடச்சி, காய வச்சி… சாயங்காலம் ஆவும்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ராசையா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பார். வேலு கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலு வண்டிக்குள் இல்லை என்பதைக் கவனித்தார்.

"எங்கே அவன்?"

"அதோ, அந்தப் புங்க மரத்தாண்ட குந்திகினு கீது," என்றாள் சிவந்தி.

மரத்தடியில் ஒரு கல். கல்லின் மேல் வேலு. அவன் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு கிழவர், ஊர் நாவிதர். சடையை முழுக்க அவிழ்த்துவிட்டிருந்தார். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீரும், துணியின் மேல் தீட்டி வைத்த கத்தியும் இருந்தன.

ராசையா ஓடினார். செல்லம்மாவும் ஓடினாள். பாதி தூரம் போனவள் திரும்பிப் பார்த்து, இரண்டு பெரியவர்களும் வண்டிக்குள்ளேயே பதுங்கினாற்போல் இருப்பதைக் கண்டு திரும்ப வந்தாள்.

"மாமா, அம்மா, வாங்க. உங்க வேண்டுதல்தானே? நீங்க சொன்னாத்தான் கேப்பான்," என்று ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வண்டியின் மேல்விளிம்பு தட்டி ஆறுமுகநயினாரின் தலைப்பாகை கழன்றது. இசக்கியம்மாளின் முந்தானை படிக்கட்டில் மாட்டிக்கொண்டு நழுவியது.

"பெரியவரே, கத்தியை எடுக்காதிய," என்று ராசையா மூச்சு வாங்கினார். "அது சாமிக்கு நேந்த முடி. கத்தி படாத தலை."

வேலு எழுந்திருக்கவில்லை.

"போதும் நைனா. திங்கக்கிழம வந்துடும். நீ இன்னா பண்ணுவ, உன்னாலயும் முடியல. தாத்தாவும் ஆச்சியும் எந்தச் சாமின்னு சண்ட போட்டுகினே இருக்கட்டும். நான் மொட்டத் தலையோட இஸ்கூலு போறேன்." அவன் குரல் கடைசியில் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் குனிந்தபோது முடி வந்து முகத்தில் விழுந்தது.

ராசையாவுக்கு அவனை எழுப்பக் கை வரவில்லை.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

ஆறுமுகநயினார் புங்க மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"அத்தை?"

இசக்கியம்மாள் ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்தாள்.

நாவிதரின் விரல்கள் வேலுவின் பின்னந்தலையில் நின்றிருந்தன. முடியை இரண்டாக வகுந்து பார்த்தார். அங்கே புளியங்கொட்டை அளவில் ஒரு மச்சம். நிமிர்ந்து, எதிரே வெயிலில் மின்னிய பாம்படத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஆறுமுகநயினாரைப் பார்த்தார். நரைத்த மீசைக்குள் சிரிப்பு மெல்லப் பரவியது. கத்தியை எடுத்துக் கையிலேயே ஒருமுறை தீட்டிக்கொண்டார்.

"கத்தி படாத தலையா? குண்டு போடுவான்னு பட்டணமே இங்க ஓடியாந்த வருசம், தல பூரா செரங்கோட இருந்த இந்தப் புள்ளய இந்தப் பெரியவரும் இந்தத் தொங்கட்டான் அம்மாவும் ஒண்ணாத் தூக்கினு வந்து, என் கையாலதான் மொட்ட அடிச்சிகினு போனாங்க நைனா. கத்தி பட்ட முடியச் சாமிக்குக் குடுக்க முடியாது, கோயிலுக்குப் போவாம இருக்கணும்னா எந்தக் கோயிலுன்னு சண்ட போட்டுகினு இனிமே நாம ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாதுன்னு, இதே கல்லாண்ட நின்னுகினுதானே அவ்ளோ ஒத்துமையாப் பேசி முடிவு பண்ணாங்க."